அணில் கதை திருடு போன விவரம்

அன்புள்ள மருமகளுக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இப்படி நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ எழுதிய அணில் கதை வீட்டுக்கு வந்த அன்றைக்கே, உறையைப் பிரித்த கையோடு உன் அத்தையிடம் சொன்னேன், இந்தக் கதை வீட்டில் தங்காது, இதன் மேல் நாலு பேர் கண் விழும் என்று. அவள் வெங்காயம் உரித்தபடி தலையாட்டினாள். இப்போது கேட்டால், நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே, ஸ்டாம்பைக் கிழிக்காம எடுத்துக் கொடுன்னுதான் சொன்னீங்க என்கிறாள். அவளுடைய ஞாபகசக்தியின் லட்சணம் உனக்குத் தெரிந்ததுதான்.

விஷயம் இதுதான். உன் கதை திருடு போய்விட்டது. பதறாதே, காகிதம் பத்திரமாக இருக்கிறது. இரும்பு பீரோவுக்குள், நானே அரம் போட்டுச் செய்த பூட்டின் காவலில், மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதில் இருந்த கதை மட்டும் வெளியே போய்விட்டது. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்தும் மூடியும் பிழைக்கிறவன் வீட்டிலேயே கைவரிசை. பெட்டியோடு தூக்கிப் போனவனைப் பார்த்திருக்கிறேன், பெட்டியை வைத்துவிட்டு உள்ளே இருந்ததைத் தூக்கியவனையும் பார்த்திருக்கிறேன். காகிதத்தை விட்டுவிட்டுக் கதையை மட்டும் கொண்டுபோன திருடனை இப்போதுதான் பார்க்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மகள் மிளகுக்கு முன்பல் விழுந்துவிட்டது. புதிய பல் என்னுடையதைப் போல வரிசையாக முளைக்கும் என்று பல் டாக்டரே சொன்னார். பள்ளிக்கூடக் காலணி கடிக்கிறது என்றாள், மாற்றியாயிற்று. உன் அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் வாய் நன்றாக இருக்கிறது. நீ விட்டுப்போன நீல ஸ்வெட்டர் பீரோவில் மாட்டியபடியே இருக்கிறது, அதில் மேல் பொத்தானைக் காணோம். சலவைக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. அதையும் விசாரித்தேன்.

போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போன் என்றால் உன் அத்தை பிடுங்கிக்கொள்வாள். மிளகு வாங்கினால் ம் என்பாள், சரி என்பாள், என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள். நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவாய். அதனால்தான் கடிதம்.

உன் போன கடிதத்துக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் பெரியவர்களைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, சாயங்காலம் குழந்தைகளுக்குக் கதை எழுதும் வகுப்புக்கும் போகிறாயே, அந்தத் தெம்பு நம் குடும்பத்துத் தெம்பு. உன் டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கதையை ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும், குழந்தை எந்த வரியில் தலையைத் திருப்புகிறதோ அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, அப்புறம் அந்த இடத்தை வெட்டித் திருத்த வேண்டும். எங்கள் தொழிலிலும் இதேதான். வெற்றுச் சாவியில் மை தடவிப் பூட்டுக்குள் விட்டுத் திருப்புவோம், எங்கே உரசிய தடம் விழுகிறதோ அங்கே அரம் போடுவோம். உன் டீச்சர் இதை யாரோ பூட்டுக்காரனிடம் கற்றிருக்க வேண்டும்.

உன் குழந்தை என்னிடம் இருப்பதால் வாசிக்கிற வேலையும் கோடு போடுகிற வேலையும் என்னுடையதாயிற்று. நீ கேட்டிருந்தாய், நான் திருப்பி அனுப்பிய மற்றக் கதைகளின் எந்தத் தாளிலும் ஒரு கோடுகூட இல்லையே மாமா, மிளகு உண்மையிலேயே ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லையா என்று. இது என்ன கேள்வி. செதுக்கி வைத்த சிலை மாதிரி உட்கார்ந்து கேட்டாள் என்று எழுதினேனா இல்லையா. அங்கே போய் நீ சந்தேகப்படக் கற்றுக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அது நல்ல பழக்கம் இல்லை.

அடுத்தது ஆந்தை. உன் கதைகளில் வருகிற ஆந்தையை டீச்சர் சிவப்பு மையால் சுற்றி, இது எதற்கு, எந்தக் குழந்தை கேட்டது என்று எழுதியிருக்கிறார். நீயும் என் மகளுக்கு ஆந்தைதான் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறாய். அந்த டீச்சரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு. ஒரு ஆந்தை மேல் அவ்வளவு கோபம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

மூன்றாவது விஷயம், இந்தப் பள்ளி விடுமுறைக்கு நீ வரப்போவதில்லை என்பது. உங்க கடிதங்களைப் பார்த்தாலே நிம்மதியா இருக்கு மாமா, அவ கதை கேட்டுச் சிரிச்சுக்கிட்டுச் சந்தோஷமா இருக்கா, அதனால லீவு வேண்டாம்னு இல்லத்துல எழுதிக் கொடுத்துடப் போறேன், அந்த நாள்ல கதைகளையெல்லாம் திருத்திப் புத்தகமாக்கி அவளுக்கு அனுப்புறேன் என்று எழுதியிருக்கிறாய். மாதக் கடைசிக்குள் இல்லத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் பிறகு பேசுவோம். முதலில் திருட்டு.

முடிவெட்டுகிற கடையில்தான் எனக்கு முதலில் தெரிந்தது. நான் முகத்தில் சோப்போடு சாய்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் குறுக்கே பலகை போட்டு ஒரு வாண்டை உட்காரவைத்திருந்தார்கள், கத்தரியைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிட்டான். உடனே முடிவெட்டுகிறவர் அவனிடம், அந்த அணில் கதையைச் சொல்லேன், அழுகை போயிடும் என்றார். அவனும் தேம்பிக்கொண்டே ஆரம்பித்தான். பொத்தானைத் தொப்பியாகப் போட்டுக்கொண்ட அணில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டை பொறுக்கப் போன அம்மா அணில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அணில் யாருக்கும் வரலாம், ஆறும் யாருக்கும் வரலாம், பொத்தானைத் தொப்பியாகப் போட்ட அணில் உன் மண்டையில் மட்டும்தான் வரும். உனக்கு அது அம்மா வழியில் வந்த மண்டை, அதாவது என் அக்கா வழியில், அதாவது கிட்டத்தட்ட என் வழியில். நான் பாதிச் சோப்போடு எழுந்து அவனிடம் போய், இந்தக் கதை உனக்கு எங்கே கிடைத்தது, உண்மையைச் சொல் என்று மிரட்டாமல் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்து முன்னைவிடப் பெரிதாக அழுதான், அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. முடிவெட்டுகிறவர் சலித்துக்கொண்டார். இது என்ன கேள்வி அண்ணே, இந்தத் தெருவுல எல்லாப் பிள்ளைங்களும்தான் சொல்லுதுங்க, உங்களுக்கு மட்டும் தெரியாதா, கத்தி கையில இருக்கு, வந்து உக்காருங்க என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் என்றதும் எனக்கு இது தனி ஆள் வேலை இல்லை, கும்பல் என்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். வீட்டுக்குள் இருப்பவர்களை முதலில் பார்க்க வேண்டும், அதுதான் முறை. பீரோக் கதவின் இடுக்கில் ஒரு நூலைச் சொருகி வைத்தேன். மறுநாள் நூலைக் காணோம். சரி, ஆள் அகப்பட்டது என்று உன் அத்தையை உட்காரவைத்துக் கேட்டேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். அந்தக் கதவு சாத்தினா நிக்கவே நிக்காது, ரெண்டு வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன், உங்க பூட்டு அது பாட்டுக்குச் சும்மா தொங்குது, நூல் கிடந்துச்சு, கூட்டித் தள்ளிட்டேன் என்றாள். அவள் குற்றவாளி இல்லை என்று தள்ளுபடி செய்தேன். கதவையும் பிறகு சரி செய்வேன்.

இரண்டாவது சந்தேகம் ஜெராக்ஸ் கடைக்காரம்மா. உன் கதை ஜெராக்ஸ் கடைக்கு எப்படிப் போனது என்று கேட்காதே. பத்திரத்துக்காக ஒரு பிரதி எடுத்தேன். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றிரண்டு சேர்த்தே எடுத்தேன், என் மருமகள் எழுத்தாளர் என்றால் சும்மா நம்புவார்களா. ஆனால் அந்த அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது, கண்ணாடியை எப்போதும் வீட்டில் மறந்துவிட்டு வருவார். அவரையும் விட்டேன்.

மூன்றாவது ஆள் மேல்தான் எனக்கு முழுச் சந்தேகம். நூலகக்காரர். என் கடை நூலகத்து மாடிப்படிக்கு அடியில் இருப்பது உனக்குத் தெரியும். இவர் டீ குடிக்க இறங்கி வரும்போதெல்லாம் என் மேஜையில் கையை ஊன்றி, மருமக கிட்டேருந்து கதை ஏதும் வந்துச்சா என்று கேட்பார். ஒரு மனிதன் சும்மா இப்படிக் கேட்பானா. அவரும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துத் தானே எழுதிய கதையை வாசிக்கிறார். தன் சரக்கு போதாமல் உன் சரக்கில் கை வைக்கிறார் என்று முடிவு கட்டி, அந்தச் சனிக்கிழமை நான் கடையைச் சாத்திவிட்டு மேலே போனேன். புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று கவனித்தேன்.

அவர் வாசித்தது காக்கா கதை. காக்கா பறந்தவரை பிள்ளைகள் இருந்தார்கள். காக்கா உட்கார்ந்து நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் பாயில் ஒரே ஒரு சின்னப் பெண்தான், அவளும் தூங்கிவிட்டாள். அவருக்கு அவமானமாக இருக்குமே என்று பார்த்தால், அந்த மனிதர் பானையருகே போய்ப் பிள்ளைகளிடம், உங்களுக்கு எந்த இடத்துலடா தாகம் எடுத்துச்சு என்று கேட்கிறார். காக்கா பேச்சுலதான் சார் என்றார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். இது நடிப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கையும் களவுமாகப் பிடிக்க முடியாததால் நேராகவே கேட்டேன். என் மருமகளின் அணில் உங்கள் கையில் எப்படி வந்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தார். அந்த அணில் என் கையில இருந்தா நான் ஏன் சார் இந்தக் காக்காயைக் கட்டிக்கிட்டு அழறேன், இங்க வர்ற பிள்ளைங்க ஒவ்வொரு வாரமும் அந்த அணிலைச் சொல்லித்தான் என் மானத்தை வாங்குதுங்க, அது ஸ்கூல் வேன்ல ஓடுற கதை, போய் அங்க கேளுங்க என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். அதுல ஆந்தை வருமாமே, அது மட்டும் என் காக்கா மாதிரியே இருக்கும்னு பிள்ளைங்க சொல்லுது, ஒருவேளை ரெண்டு பேருக்கும் சொந்தமோ என்றார். நான் இறங்கி வந்தேன். அந்த ஆளை நான் இன்னும் முழுதாக விடவில்லை.

வேன் என்றதும் டிரைவர்தான் என்று தெரிந்துவிட்டது. ஹாரன் என்று பிள்ளைகள் அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஓயாமல் அடிப்பதால். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய், உன் வேனின் பின்கதவுப் பூட்டில் ஒரு கோளாறு இருக்கிறது, ஓடும்போதுதான் தெரியும் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். பின்னால் பைகளைக் குவித்து வைக்கிற இடத்தில், குவியலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். ஏன் சார் இப்படிக் குனிஞ்சிருக்கீங்க என்றான். பூட்டுச் சத்தம் கேட்க வேண்டும் என்றேன். நம்பினான்.

பாலம் தாண்டியதும் ஹாரன் தானாகவே பாட்டை நிறுத்தினான். வேனில் இருந்த அத்தனை வாயும் மூடிக்கொண்டது. ம், ஆரம்பி என்றான் அவன். இதோ இப்போது திருடன் வாயைத் திறப்பான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மிளகு எழுந்து நின்றாள்.

நம்ம மிளகுதான். போனில் ம், சரி என்று இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத அதே மிளகு. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் எதையோ மூடிவைத்துக்கொண்டு நின்றாள். மருமகளே, அவள் கதை சொல்கிறாள். நீ ஓர் அழகான காட்டில் பச்சைப்பசேல் என்ற மரங்கள் சூழ என்று ஆரம்பித்திருந்தாயே, அந்தக் காட்டை அவள் முழுதாக வெட்டிவிட்டாள். ஒரு மரம்கூட மிச்சம் இல்லை. "அணிலோட அம்மா போயிட்டா" என்றுதான் முதல் வரியே. அதைக் கேட்டதும் முன் சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

பொத்தான் உன் கதையில் வெறும் தொப்பிதான். அவள் கதையில் அது அம்மா அணிலின் சட்டையில் இருந்து விழுந்த பொத்தான். குட்டி அணில் தினமும் தூங்கும் முன்னால் அதைக் கழற்றி மோந்து பார்க்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வாசனை போய்க்கொண்டே இருக்கிறதாம். அதனால் குட்டி அணில் இனிமேல் தினமும் மோந்து பார்ப்பதில்லை என்று முடிவு செய்கிறதாம், வாசனை தீர்ந்துவிடும் என்று. இதை நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. சலவைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அவள் புதிதாக ஒரு தவளையையும் சேர்த்திருக்கிறாள். மரத்தின் வேர் அடியில் குடியிருக்கும் பெரிய தவளை. மழை வந்தால், எனக்கு முன்னமே தெரியும் என்கிறது. வெயில் அடித்தால், எனக்கு முன்னமே தெரியும் என்கிறது. கொட்டை அதன் தலையிலேயே விழுந்து வீங்கிப்போனாலும் அதையேதான் சொல்கிறது. தவளை வரும்போதெல்லாம் வேன் முழுக்க அந்த வாக்கியத்தைச் சேர்ந்து கத்துகிறார்கள், ஹாரனும் கத்துகிறான். அந்தத் தவளை யாராக இருக்கும் என்று எனக்குப் பெரிய சந்தேகம். நூலகக்காரராகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டால் அவருக்கு அந்த முகவெட்டுத்தான்.

அப்புறம் ஆந்தை. மிளகு கையை உயர்த்தி, "இப்ப ஆந்தை பேசப் போகுது. எல்லாரும் ஜன்னலுக்கு வெளிய பாருங்க" என்றாள். வேனில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. ஒரு மாடு, ஒரு பெட்டிக்கடை, ஒரு சுவர் எல்லாம் போயிற்று. "முடிஞ்சிருச்சு, திரும்புங்க" என்றாள். திரும்பினார்கள். கதை தொடர்ந்தது. உன் டீச்சர் கேட்ட பென்சில் கோடு அதுதான். இவ்வளவு பெரிய கோட்டை நான் எந்தப் பென்சிலால் போடுவது.

ஆந்தை உன் முதல் பிரதியில் இல்லை என்பது உனக்கும் தெரியும். உன் கதையில் புத்திமதி கொஞ்சம் குறைவாகப் பட்டது, பிள்ளைகளுக்கான கதை என்றால் யாராவது ஒருவர் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா, அதனால் வாசிக்கும்போது ஆந்தையை நான்தான் கிளையில் உட்காரவைத்தேன். நன்றாகப் பேசியதாக எனக்கே தோன்றியதால், மிளகுக்கு ஆந்தைதான் ரொம்பப் பிடித்தது என்றும் எழுதினேன். நீ அதை நம்பி எல்லாக் கதையிலும் ஆந்தை வளர்க்க ஆரம்பிப்பாய் என்று யாருக்குத் தெரியும். டீச்சரிடம் சொல்லிவிடு, ஆந்தை உன்னுடையது இல்லை. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இங்கே யாரோ ஒரு பெரியவர் என்று சொல்.

கோடு விஷயமும் அப்படித்தான். நீயே யோசி, வாசிக்கிறவன் வரியைப் பார்ப்பானா, பிள்ளையைப் பார்ப்பானா. நான் படித்த வகுப்புக்கு ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. தலை நிமிர்ந்தால் வரி தொலைந்துவிடுகிறது. நான் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் மிளகு ஆடாமல் அசையாமல்தான் இருந்தாள், அது பொய் இல்லை. கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று அந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆனால் இதைக் கேள். தூங்கியவள் எப்படி அத்தனையையும் காதில் வாங்கினாள். நான் தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டிய கதையில் உன்னுடையது எது, என்னுடையது எது என்று எப்படிப் பிரித்தாள். என்னுடையது வரும்போது ஜன்னலைக் காட்டுகிறாள், உன்னுடையது வரும்போது குரலைத் தாழ்த்துகிறாள். அதனால் உன் எழுத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. காட்டை வெட்டு, ஆந்தையைத் துரத்து, அம்மா போனதில் இருந்து ஆரம்பி. மற்றபடி நீ எழுதியது உள்ளே போய் விழுந்திருக்கிறது. ஒரு பூட்டு திறக்கும்போது விரலுக்குத் தெரியும் ஒரு சின்ன அசைவு, அது எனக்கு அந்த வேனில் தெரிந்தது.

கதையின் முடிவை அவள் உன்னுடையதைப் போலவே வைத்துக்கொண்டாள். அம்மா அணில் இலையில் ஏறி ஆற்றைக் கடந்து வருகிறது, குட்டி அணில் மரத்திலிருந்து தாவி இறங்கி ஓடுகிறது, அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு தூங்கிவிடுகிறது. வேன் முழுக்கக் கைதட்டல். ஹாரன் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நம் தெருமுனையில் இருவரும் இறங்கினோம். பிறகு, பைங்களுக்குப் பின்னாடி எதுக்கு ஒளிஞ்சிருந்தீங்க தாத்தா என்றாள். பூட்டு பார்த்தேன் என்றேன். பூட்டு கதவுலல்ல இருக்கு என்றாள். இந்த வயதிலேயே இவ்வளவு சந்தேகம் ஆகாது, இது யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை.

வாசல்படி ஏறும்போது நின்று, அம்மாகிட்ட சொல்லுவீங்களா என்று கேட்டாள். நீ சொல்லாதே என்றால் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லுங்க என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என் கதையச் சொல்லுவீங்களா, உங்க கதையச் சொல்லுவீங்களா?"

உன் கதையைத்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. உள்ளே போய்விட்டாள். கையில் மூடிவைத்திருந்த நீலப் பொத்தானை என்னிடம் மறைக்கக்கூட இல்லை.

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தது அதற்கு மறுநாள். மேலே உள்ளதை எல்லாம் எழுதி, ஒட்டுவதற்குப் பசையும் எடுத்துவிட்டேன். உன் அத்தை வந்து, எல்லாத்தையும் எழுதினீங்களா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். வேன்ல நடந்ததை நடந்த மாதிரி எழுதினீங்களா என்று மறுபடியும் கேட்டாள். இந்த வீட்டில் என்னை யாரும் நம்புவதில்லை. பசையை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

விடுமுறை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு. புத்தகம் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டையில் உன் பெயர் வர வேண்டும், நானே ஊரெல்லாம் காட்டுவேன். ஆனால் அணில் கதையை இன்னும் அச்சுக்குக் கொடுக்காதே. அதன் முடிவு சரியில்லை.

நான் மேலே சொன்ன முடிவு நான் சேர்த்தது. கைதட்டல் இல்லை, ஹாரன் கண்ணைத் துடைக்கவும் இல்லை.

அவள் சொன்னது இது. அம்மா அணில் வருகிறது. இலையில் ஏறித்தான் வருகிறது. மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுகிறது. குட்டி அணில் இறங்கவில்லை. கிளையில் இருந்தபடியே பொத்தானை மோந்து பார்க்கிறது, கீழே நிற்பதைப் பார்க்கிறது, மறுபடியும் மோந்து பார்க்கிறது. பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாக, "நீங்க யாரு?" என்று கேட்கிறது.

அப்புறம் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். தினமும் கேட்பார்களாம். அவ்வளவுதான், அவங்க இன்னும் பதில் சொல்லல என்று மிளகு உட்கார்ந்துகொண்டாள். தவளையைக் கேளேன் என்றான் ஒருவன். தவளைக்கு இது மட்டும் தெரியாது என்றாள்.

அது உண்மை, எனக்குத் தெரியவில்லை. நீ நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
மரத்தடித் தவளை